இரண்டாம் மைலின் மேஸ்திரி

1987ஆம் ஆண்டு ஜூன் 11, வியாழக்கிழமை, காலை ஆறு மணி நாற்பது நிமிடத்துக்குச் சுள்ளிக்கல் பக்கத்துக் கொச்சுத்ரேஸ்யா சேச்சி மட்டாஞ்சேரியில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். மழை கொட்டிக்கொண்டிருந்தது. கையில் குடை இருந்தும் அதை விரிக்க அவருக்குத் தோன்றவில்லை.

“சாரே, நம்ம மேஸ்திரி போயி,” என்றார். “விடியக்காலம் மூணு மணிக்கு. நான் பள்ளுருத்தியில அவர் வீட்டில நின்னு நேரெ இங்ஙோட்டு வரெயாணு.”

நான் உள்ளே திரும்பிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டேன். சாவுச் செய்தி கேட்டதும் கடிகாரம் பார்க்கிற மனிதன் என்று என் வீட்டாரே என்னைக் கேலி செய்வதுண்டு. குறித்துக்கொண்டது நல்லதாயிற்று. எட்டு ஆண்டுகள் உறங்கிய ஓர் அலுவலகம், ஒரு மனிதர் இறந்து எத்தனை மணி நேரத்தில் விழித்துக்கொண்டது என்பதை இக்கட்டுரையின் பிற்பகுதியில் சொல்ல வேண்டியிருக்கிறது.

மறைந்தவர் திரு. பேச்சிமுத்து அவர்கள், வயது அறுபத்து மூன்று. மட்டாஞ்சேரியிலிருந்து எர்ணாகுளம் செல்லும் சாலையின் இரண்டாம் மைலுக்கு மேஸ்திரியாக இருந்தவர். அவரை அறிந்தவர்களுக்கு இவ்வளவு போதும். அறியாத அன்பர்கள் என்றேனும் அந்தச் சாலையில் பேருந்தில் போயிருப்பார்கள். சுள்ளிக்கல்லைத் தாண்டித் தோப்பும்படி வரையில் பேருந்து குலுங்காமல் போயிருந்தால், அவர்களும் அவரை அறிந்தவர்களே.

நான் சாலைப் பிரிவு அலுவலகம் ஒன்றில் 1951 முதல் 1982 வரை டிராஃப்ட்ஸ்மேனாகப் பணிபுரிந்தேன். அந்த முப்பத்தொரு ஆண்டுகளில் அவரை அதிகாரிகள் ‘எடா’ என்று அழைத்துக் கேட்டிருக்கிறேன். சற்று நயமானவர்கள் ‘எடோ’ என்றார்கள். கோப்புகளில் அவர் ‘மேற்படி நபர்’. நான் இங்கே ‘அவர்கள்’ என்று எழுதுகிறேன். படிக்கும் முன்னாள் அதிகாரிகள் எவருக்கேனும் அது உறுத்துமானால், உறுத்தட்டும்.

இச்சாலை எர்ணாகுளத்தில் தொடங்கி மட்டாஞ்சேரியில் முடிவதாக அக்கரைக்காரர்கள் எழுதுகிறார்கள். தவறு. சாலை மட்டாஞ்சேரிப் படகுத்துறையில் தொடங்குகிறது. முதல் மைல்கல் அங்கேதான் இருந்தது. மிளகும் சுக்கும் மணக்கும் மண்டிகளைக் கடந்து, யூதர் தெருவான ஜூ டவுனைப் பின்னால் விட்டு, தெற்கே சுள்ளிக்கல், அங்கிருந்து தோப்பும்படி. அதன்பின் கப்பல் வந்தால் நடுத்தட்டைத் தூக்கி வழிவிடும்படி அமைத்த துறைமுகப் பாலம். காயலைத் தோண்டியெடுத்த சேற்றிலேயே எழுப்பிய தீவு. மீண்டும் ஒரு பாலம், வெண்டுருத்தியில். பிறகு பெருமானூர் வழியாக எர்ணாகுளம் பள்ளிமுக்கு. பாலங்கள் வருமுன் இக்கரையார் அக்கரைக்குப் படகேறித்தான் போனார்கள். கோர்ட்டுக்குப் போனவனும் கல்லூரிக்குப் போனவனும் வேலியேற்றம் என்கிற கடல் பெருக்கையும் காற்றையும் கேட்டுக்கொண்டுதான் புறப்பட்டார்கள். 1967இல் காயலின் இரு கரையிலும் உள்ள மூன்று ஊர்களையும் ஒரே மாநகராட்சியாக இணைத்தார்கள் என்று பெருமையாகப் பேசுகிறோம். ஊர்களை இணைத்தது ஆணை அன்று, இந்தச் சாலை. சாலையை இட்டவர்களோ பெரும்பாலும் நம் பக்கத்து ஆட்கள்.

பேச்சிமுத்து அவர்கள் சங்கரன்கோவிலுக்கு அருகிலிருந்து பதினாறு வயதில் அந்தக் கூட்டத்தோடு வந்தவர். சுள்ளிக்கல்லுக்கும் தோப்பும்படிக்கும் நடுவில், மேற்கேயிருந்து காயலுக்குப் போகும் ஒரு தோட்டின் குறுக்கே சாலை போக வேண்டியிருந்தது. தோடு என்றால் சிறு வாய்க்கால். அன்று அதில் வள்ளம் போகுமாம். அதன்மீது செங்கல் வளைவு கட்டி, மேலே மண்ணிட்டுச் சாலை போட்டார்கள். ஊரார் அதைக் கலுங்கு என்பார்கள். நான் மதகு என்று எழுதிப் பழகியவன். வளைவுக்கான செங்கல்லைத் தலையில் சுமந்தவர்களில் அவரும் ஒருவர். பின்னாளில் தோடு சுருங்கியது, இரு கரையிலும் வீடுகள் வந்தன, சாலையின் மேல் நின்று பார்ப்பவனுக்குக் கீழே மதகு இருப்பதே தெரியாமற்போயிற்று. அவருக்குத் தெரியும். வேறு யாருக்குத் தெரிந்திருக்க வேண்டுமோ அவர்களைப் பற்றித்தான் இக்கட்டுரை.

அக்காலத்தில் ஒவ்வொரு மைலுக்கும் ஒரு மேஸ்திரியும் இரண்டு மூன்று கூலிகளும் உண்டு. விடிந்ததும் கூடை, மம்மட்டி, கடப்பாரையுடன் தம் மைலை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நடந்து, குழி கண்ட இடத்தில் அடைப்பது வேலை. மைல்கற்களை எடுத்துவிட்டுக் கிலோமீட்டர் கற்களை நடுவதற்காக 1971 மே 24, திங்கட்கிழமை, நான் அச்சாலைக்குப் போயிருந்தேன். மதகின் கிழக்குப் பக்கத்தில் மேஸ்திரி அவர்கள் குத்துக்காலிட்டு அமர்ந்து பீடி புகைத்துக்கொண்டிருந்தார். வேலை நேரம். எனக்குச் சுருக்கென்றது.

“என்ன மேஸ்திரி, பத்து மணிக்கே இளைப்பாறலா?”

“ஒரு நிமிசம் சாரே. பரிட்சை நடக்கு.”

“யாருக்குப் பரீட்சை?”

“கலுங்குக்கு.” சாலையின் மறுபுறத்தைக் கையால் காட்டினார். “அந்தப் பக்கம் ஒரு தேங்கா மட்டைய, சுண்ணாம்பு தேச்சு விட்டுருக்கேன். இந்தப் பீடி முடியறதுக்குள்ள மட்டை இங்க வரணும். வந்தா உள்ள சுத்தமா இருக்குன்னு அர்த்தம். வரலேன்னா நான் உள்ள போகணும்.”

“பீடியை மெதுவாக இழுத்தால்?”

“மெதுவா இழுத்தா அவிஞ்சு போயிரும்லா. பீடி ஏமாத்தாது சாரே. கான்ட்ராக்டர் வாட்ச்சுதான் ஏமாத்தும்.”

வெள்ளைப் புள்ளியிட்ட மட்டை இருட்டிலிருந்து மெல்ல வெளியே வந்தது. அவர் எழுந்து, பீடியின் மிச்சத்தைக் காதில் செருகிக்கொண்டு, ஒன்றும் நடவாதது போலக் கூடையைத் தூக்கினார். இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழை தொடங்குமுன் ஆண்டுதோறும் இதைச் செய்துவந்தார் என்று பிறகு அறிந்தேன். எந்த விதிப் புத்தகத்திலும் இது இல்லை. எந்த அதிகாரியும் செய்யச் சொன்னதில்லை.

இனி 1974ஆம் ஆண்டுக்கு வருகிறேன். அவ்வாண்டு, சாலையின் பழைய வரைபடங்களை மீட்டர் அளவுக்கு மாற்றிப் புதிதாக வரைய ஆணை வந்தது. மார்ச் 31க்குள் முடிக்க வேண்டும். இரண்டாம் மைலின் மூலப்படம் துணியில் ஒட்டிய பழந்தாள். மடிப்பில் இராமபாணப் பூச்சி அரித்து, உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை விழுந்திருந்தது. ஓட்டையின் வடக்கே சாலையின் இரு கோடுகள் வந்து நின்றன. தெற்கே அதே இரு கோடுகள் தொடர்ந்தன. எங்கள் தொழிலில் ஒரு நெறி உண்டு. மூலத்தில் இல்லாத இடத்தை வெறுமையாக விட்டு, ‘மூலம் சிதைந்துள்ளது’ என்று ஓரத்தில் எழுத வேண்டும். பிறகு ஒருவர் நேரில் போய்ப் பார்த்து வர வேண்டும். அப்படி வெறுமையாக விட்ட படத்தை எங்கள் தலைமை டிராஃப்ட்ஸ்மேன் அழகில்லை என்று திருப்பித் தருவார். மார்ச் 28ஆம் நாள் மாலை, அளவுகோலை வைத்து வடக்குக் கோடுகளையும் தெற்குக் கோடுகளையும் ஒருவர் நேராகச் சேர்த்துவிட்டார். படம் மிக அழகாக அமைந்தது, பாராட்டும் வந்தது. சேர்த்தவர் யார் என்பதை உரிய இடத்தில் சொல்கிறேன்.

1979 ஏப்ரலில் சாலையை உயர்த்தி இருபுறமும் அகலப்படுத்தும் வேலை தொடங்கியது. மதகின் இரண்டு வாய்களும் புதிய மண்ணுக்கு அடியில் போகப்போவதைக் கண்ட மேஸ்திரி அவர்கள், மே மாதம் 7ஆம் நாள் அலுவலகத்துக்கு வந்தார். உதவிப் பொறியாளரின் அறைக்கு வெளியே முக்கால் மணி நேரம் நின்றார். உள்ளே அழைக்கப்பட்டபோது நானும் படச்சுருளுடன் அங்கிருந்தேன்.

“சாரே, அங்ஙன மண்ணு போட்டா பள்ளத்துல இருக்கிற வீடெல்லாம் முங்கிப் போகும். அடியில கலுங்கு உண்டு.”

“எவிடெயாடோ கலுங்கு?” என்றார் பொறியாளர். என்னைப் பார்த்தார். நான் படத்தை மேசைமேல் விரித்தேன். இரண்டு கோடுகள் குறையின்றி நேராகப் போயின.

“ப்ளானில் இல்லல்லோ. நினக்கு வயசாயி. போய் வேலை பாரு.”

மேஸ்திரி அவர்கள் படத்தைக் குனிந்து பார்த்தார். அவருக்குத் தமிழ் மட்டும் எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். ஆனால் கோடு யாருக்கும் புரியும். வெளியே வந்ததும் என்னிடம், “சாரே, படத்துல இல்லேன்னு உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். தண்ணிக்கு யாரு சொல்லுவா?” என்றார்.

நான் படச்சுருளை இடுக்கிக்கொண்டு என் மேசைக்குப் போனேன். வேலை அவசரமாக நடந்து முடிந்தது.

ஜூன் 21, 22 ஆகிய இரு நாட்களும் மழை விடவில்லை. 23ஆம் நாள், சனிக்கிழமை, நான் அலுவலகம் போகும் பேருந்து சுள்ளிக்கல்லைத் தாண்டியதும் நின்றுவிட்டது. முன்னால் ஏழெட்டு வண்டிகள். இறங்கிக் குடையுடன் நடந்தேன். சாலைக்கு மேற்கே பள்ளத்தில் இருந்த வீடுகளில் வெள்ளம் கட்டில் உயரத்துக்கு நின்றது. கொச்சுத்ரேஸ்யா சேச்சியை நான் முதன்முதலில் பார்த்தது அப்போதுதான். இடுப்பளவு தண்ணீரில், அரிசிப் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றார். சாலைக்குக் கிழக்கே, ஒரு முழம் கீழே, தரை காலியாகக் கிடந்தது. ஒரு மாதம்கூட ஆகாத சாலை அணையாக மாறி நடுவில் நின்றது.

மேஸ்திரி அவர்கள் சாலையின் கிழக்கு ஓரத்தில் புதுத் தாரைக் கடப்பாரையால் பிளந்துகொண்டிருந்தார். அறியாதவன் மேற்கு வாயைத்தான் முதலில் திறப்பான். உள்ளே பாய்ந்த வெள்ளம் போக வழியின்றி வளைவையே உடைத்திருக்கும். அவர் கிழக்கைத் திறந்தார்.

பேருந்து ஓட்டுநர் இறங்கி வந்தார். “எடா பாண்டி, ரோடு நின்டெ அப்பன்டெ சொத்தாணோடா?”

மேஸ்திரி அவர்கள் நிமிரவில்லை. “அப்பன் சொத்து இல்ல சேட்டா, எம் சொத்து. வந்து ஒரு கை பிடிங்க, வண்டி சீக்கிரம் போகும்.”

பேருந்தில் இருந்த சிலர் சிரித்தார்கள். ஓட்டுநர் வையத் தொடங்கியவர், பள்ளத்துப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினார். உண்மையாகவே ஒரு கை பிடித்தார். பள்ளத்து ஆண்களும் வந்து சேர்ந்தார்கள். பதினொன்று பத்துக்குக் கிழக்கு வாயின் செங்கல் தெரிந்தது. மேற்கு வாய் திறந்தபோது மணி பன்னிரண்டு முப்பத்தைந்து. தண்ணீர் உள்ளே போன ஓசை கரும்பாலை ஓடுவது போலிருந்தது. மூன்று மணிக்குள் வீடுகளில் கணுக்கால் அளவாக வடிந்துவிட்டது. ஒரு குழந்தைக்கும் ஒன்றும் நேரவில்லை.

இதற்கு அலுவலகம் அவருக்குச் செய்த மரியாதையைக் கேளுங்கள். ஜூன் 25, திங்கட்கிழமை, குற்றக் குறிப்பாணை. அதை எடுத்துக்கொண்டு என்னிடம்தான் வந்தார், படித்துச் சொல்லுமாறு. ‘அரசுச் சாலையை அனுமதியின்றி வெட்டிச் சேதப்படுத்தியவர்’ என்று எழுதியிருந்தது.

“இன்னொருக்க படிங்க சாரே.”

படித்தேன்.

“சேதப்படுத்துனவன்,” என்று தமக்குத்தாமே சொல்லிப் பார்த்தார். “மத்தது எதுவும் எழுதட்டும். எடம் மாத்தட்டும், கூலியா ஆக்கட்டும். இந்த ஒத்த வரியை அடிச்சுத் தரச் சொல்லுங்க. இந்த ரோட்டுல நான் அடைக்காத குழி உண்டா? எம் பேருக்கு நேரா இது கெடக்கக் கூடாது.”

அதற்குமேல் அவர் எதையும் எவரிடமும் கேட்டதில்லை.

விசாரணை நவம்பர் 14, புதன்கிழமை நடந்தது. விஷயம் எளிது. படத்தில் மதகு இருந்தால், அதை அடைத்த ஒப்பந்தக்காரரும் பொறியாளரும் குற்றவாளிகள், மேஸ்திரி நிரபராதி. படத்தில் இல்லையென்றால், இல்லாத ஒன்றைச் சொல்லிச் சாலையை வெட்டிய மேஸ்திரி குற்றவாளி. திறந்த மதகில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்ததை அனைவரும் ஐந்து மாதங்களாகப் பார்த்துவந்தார்கள். கொச்சுத்ரேஸ்யா சேச்சி உட்படப் பதினோரு பேர் சாட்சி சொல்ல வாசலில் நின்றார்கள். விசாரணை அதிகாரி அவர்களை அழைக்கவில்லை. “கண்ணால் கண்டது எனக்கு வேண்டாம். ரெக்கார்டில் உள்ளது வேணும்,” என்றார். என்னை அழைத்தார்கள்.

“படத்தில் அவ்விடத்தில் மதகு உண்டா?”

“இல்லை.”

“படம் வரைந்தது யார்?”

“நான்.”

தலைமை டிராஃப்ட்ஸ்மேன் குறுக்கிட்டு, என் படத்தில் ஒரு புள்ளிகூடத் தப்பாது என்றார். அதிகாரி தலையசைத்தார். என்னைப் போகச் சொன்னார்கள். போனேன்.

ஆம், 1971இல் அந்த மதகைக் கண்ணால் கண்டிருந்தும், அது இருந்த இடத்தில் விழுந்த ஓட்டையின் மேல் அளவுகோலை வைத்துக் கோடுகளைச் சேர்த்தவன் நானே. அன்று நான் சொன்ன இரண்டு விடைகளும் துல்லியமானவை. பூச்சி அரித்த மூலப்படம் அதே கட்டடத்தில், மேல்மாடி அலமாரியில் இருந்தது. அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த வரி அன்றே அடிபட்டிருக்கும். எனக்கு ஓய்வு பெற இரண்டரை ஆண்டுகள் இருந்தன. ‘ஒரு புள்ளிகூடத் தப்பாது’ என்ற பெயரும் இருந்தது. அதிகாரிகளை இக்கட்டுரையில் நான் கடிந்து எழுதுகிறேன் என்றால், அந்த வரிசையில் எனக்கும் ஓர் இடத்தை ஒதுக்கிவிட்டே எழுதுகிறேன்.

‘இறுதி ஆணை வரும் வரை’ என்று சொல்லி மேஸ்திரிப் பதவியைப் பறித்து, பள்ளுருத்திக்குத் தெற்கே வேறொரு சாலைக்குக் கூலியாக அனுப்பினார்கள். பணிப்பதிவேட்டில் அந்த வரியைச் சிவப்பு மையில் எழுதினார்கள்.

இதைவிட மானக்கேடு ஒன்று உண்டு. மறு ஆண்டு, பழைய செங்கல் வளைவின் இரு வாய்களையும் கான்கிரீட்டால் நீட்டி, மேலே கைப்பிடிச் சுவர் எழுப்பி, ‘புதிய மதகு’ என்று ஒரு கல் பதித்தார்கள். படத்தில் இல்லாததால் மதகே இல்லை என்றவர்கள், இல்லாததைத் தாங்களே கட்டியதாக எழுதிக்கொண்டார்கள். கல்லில் பொறியாளரின் பெயர் இருக்கிறது. தேதி 1980 மார்ச் 31 என்றிருக்கிறது. அதுவும் பொய், கைப்பிடிச் சுவர் முடிந்தது மே 9ஆம் நாள். நான் நேரில் பார்த்தேன்.

அந்தக் கல்லைப் பார்த்து மேஸ்திரி அவர்கள் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். “நல்ல கல்லு சாரே. ஒக்கார வசதியா இருக்கு,” என்றார். அவ்வாண்டும் தேங்காய் மட்டை விட்டார். அது இப்போது அவர் மைல் அன்று. ஒருவரும் அவரைக் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வந்து விட்டுப்போனார்.

நான் 1982 மே 31ஆம் நாள் ஓய்வு பெற்றேன். ஜூன் 6, ஞாயிற்றுக்கிழமை, பள்ளுருத்தியில் அவர் வீட்டுக்குப் போனேன். அவருடைய மனைவி இசக்கியம்மாள் சாயா கொண்டுவந்து வைத்தார். சாயா ஆறி ஆடை கட்டியது. பிறகு பூச்சி, ஓட்டை, அளவுகோல், மார்ச் 28 என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். இசக்கியம்மாள் அடுப்படிக்குப் போய்விட்டார். உள்ளே பாத்திரம் ஒன்று பலமாக வைக்கப்பட்ட ஓசை கேட்டது.

“குழியை அடைக்கறதுதான் எனக்கும் தொழில் சாரே,” என்றார் மேஸ்திரி அவர்கள். “நான் மண்ணுல அடைச்சேன். நீங்க தாள்ல அடைச்சிட்டீங்க. அடைக்கும்போது அடியில என்ன கெடக்குன்னு பாக்கணும்லா.”

“எழுதித் தருகிறேன் மேஸ்திரி. அந்த வரியை அடிக்க வைக்கிறேன்.”

அடுப்படியிலிருந்து இசக்கியம்மாள் குரல் வந்தது. “மூணு வருசம் கழிச்சு ஞாபகம் வந்துருக்கு. பென்சன் ஆன பெறவு.”

“ஏட்டி, சும்மா இரி,” என்றார் அவர். பிறகு என்னிடம், “அவ சொல்லுதது உள்ளதுதானே சாரே. சாயாவைக் குடிங்க,” என்றார். குடித்தேன். அதைவிடக் கடினமான காரியத்தை என் வாழ்நாளில் செய்ததில்லை.

ஜூலை 15ஆம் நாள் முழு வாக்குமூலத்தையும் பதிவுத் தபாலில் அலுவலகத்துக்கு அனுப்பினேன். மூலப்படம் எந்த அலமாரியில், எந்தத் தட்டில் உள்ளது என்றும் எழுதியிருந்தேன். ‘தங்கள் கடிதம் கோப்பில் சேர்க்கப்பட்டது’ என்று பதில் வந்தது. அதன்பின் ஐந்து ஆண்டுகளில் ஆறு நினைவூட்டல்கள் அனுப்பினேன். இரண்டு முறை நேரில் போனேன். ஒருமுறை, கோப்பு மேலிடத்தில் இருக்கிறது என்றார்கள். மறுமுறை, கீழே வந்துவிட்டது, தேடுகிறோம் என்றார்கள். தேடிய இளைஞர் பொறுமையிழந்து, “சாரே, ஒரு கூலிக்காரன்டெ காரியத்தினு இத்தனை நடக்கணுமோ?” என்று கேட்டார். நான் படியிறங்கிவிட்டேன். 1984இல் மேஸ்திரி அவர்கள் ஓய்வு பெற்றபோதும் சிவப்பு வரி அப்படியே இருந்தது. ஒவ்வொரு முறை நான் பள்ளுருத்திக்குப் போனபோதும் அவர் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்: “அடிச்சாச்சா சாரே?” இல்லை என்பேன். இசக்கியம்மாள் சாயா வைப்பார்.

இவ்வாண்டு மே மாதம் அவருக்கு நெஞ்சுவலி. மதகுக்குப் போகக்கூடாது என்று மருத்துவர் தடுத்துவிட்டார். ஜூன் 7ஆம் நாள் நான் பார்த்தபோதும் அதே கேள்வி. அதே பதில்.

11ஆம் நாள் பிற்பகல் பள்ளுருத்திச் சுடுகாட்டில் தகனம். அலுவலகத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. பள்ளத்து வீடுகளிலிருந்து முப்பது பேருக்கு மேல் மழையில் நடந்து வந்தார்கள். அந்தப் பேருந்து ஓட்டுநரும் வந்திருந்தார். அவர் பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது.

12ஆம் நாள், வெள்ளிக்கிழமை, மாலை நான்கு மணிக்கு அலுவலகப் பியூன் ஓர் உறையைக் கொண்டுவந்து இசக்கியம்மாள் கையில் கொடுத்தார். நான் அங்கிருந்தேன், படித்துச் சொல்லும் பொறுப்பு மறுபடியும் எனக்கே வந்தது. ‘மேற்படி நபர் இறந்துவிட்டதால், அவர்மீதான விசாரணை முடித்துவைக்கப்படுகிறது. பதிவில் உள்ளவற்றை மாற்றும் தேவை எழவில்லை.’ அவ்வளவுதான். எட்டு ஆண்டுகளாக நகராத கோப்பு, அவர் இறந்து முப்பத்தேழு மணி நேரத்தில் மேலிடம் போய், கையெழுத்தாகி, வீடு தேடி வந்துவிட்டது. கொச்சி நகரில் இத்தனை விரைவாக ஒரு கோப்பு சென்றதை நான் கண்டதில்லை. உயிரோடிருந்தவருக்கு ஒரு வரியை அடிக்க நேரமில்லாதவர்கள், சாம்பல் ஆறுமுன் கதவைச் சாத்திவிட்டார்கள்.

“என்ன எழுதிருக்கு?” என்று கேட்டார் இசக்கியம்மாள்.

சொன்னேன். திரித்துச் சொல்லவில்லை.

“அப்ப அந்த வரி?”

“இருக்கும்.”

அவர் அந்தக் கடிதத்தை வாங்கி நான்காக மடித்து, அடுப்புப் பக்கம் போகாமல், மேஸ்திரி அவர்களின் கடப்பாரை சாத்தியிருந்த மூலையில் வைத்தார். “நீங்க எழுதுங்க,” என்றார். “ஆபீஸுக்கு இல்ல. ஊருக்கு.”

ஆகவே எழுதுகிறேன். சுள்ளிக்கல்லிலிருந்து தெற்கே செல்லும் சாலையில், கைப்பிடிச் சுவரும் கல்லும் உள்ள இடத்தில் இருக்கும் மதகு, அக்கல் சொல்வது போல 1980இல் கட்டப்பட்டதன்று. சாலை பிறந்தபோதே கட்டப்பட்டது. 1974ஆம் ஆண்டுப் படத்தில் அது இல்லாதது என் பிழை. 1979இல் அதை மூடியது அலுவலகத்தின் பிழை. பேச்சிமுத்து அவர்கள் எந்தச் சாலையையும் சேதப்படுத்தவில்லை. பதிவேட்டில் உள்ள வரியை அடிக்க எனக்கு அதிகாரமில்லை. படிக்கும் ஒவ்வொருவரும் தம் மனத்திலேனும் அதை அடித்துவிடுமாறு வேண்டுகிறேன்.

13ஆம் நாள், சனிக்கிழமை, சுடுகாட்டில் பால் தெளித்துவிட்டுத் திரும்புகையில் இசக்கியம்மாள் மதகுக்குப் போக வேண்டும் என்றார். “இந்த வருசம் பாக்காமயே போயிட்டாக,” என்றார். கொச்சுத்ரேஸ்யா சேச்சி தம் வீட்டுக் கொல்லையிலிருந்து ஒரு தேங்காய் மட்டையைக் கொண்டுவந்தார். அதில் சுண்ணாம்பு தேய்த்து மேற்கு வாயில் விட்டோம். சாலையைக் கடந்து கிழக்கே வந்தோம். மழை சற்றே விட்டிருந்தது. இசக்கியம்மாள் மடியிலிருந்து அவர் மிச்சம் வைத்திருந்த பீடிக் கட்டைப் பிரித்து, ஒன்றைப் பற்றவைத்து, பொறியாளரின் பெயர் பொறித்த கல்லின் மீது வைத்தார். தூறல் படாமல் நான் அதற்குமேல் குடையைப் பிடித்துக்கொண்டேன்.

பேருந்துகள் எர்ணாகுளம் நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. பீடி பாதிக்குமேல் எரிந்தது. கொச்சுத்ரேஸ்யா சேச்சி சிலுவை போட்டுக்கொண்டார். அப்போது வளைவின் இருட்டிலிருந்து அந்த வெள்ளைப் புள்ளி வெளியே வந்து, ஒரு சுற்றுச் சுற்றி, காயல் பக்கம் போயிற்று.

எத்தனை நிமிடம் ஆயிற்று என்று என்னைக் கேட்க வேண்டாம். நான் கடிகாரம் பார்க்கவில்லை. பீடி அணையவில்லை.

உள்ளே சுத்தமாக இருக்கிறது, மேஸ்திரி. போய் வாருங்கள்.